நடப்புப் பயன்பாடு: இல்லை

இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வறிக்கையில் நான் ஒரு பொய்யை எழுதினேன். நீளமான பொய் அல்ல, ஒரே சொல். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'நடப்புப் பயன்பாடு' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆய்வு செய்த இடத்தை ஏற்கனவே யாராவது பயன்படுத்துகிறார்களா என்று அதில் சொல்ல வேண்டும். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பயன்படுத்துகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். அவரோடு இருபது நாள் ஒரே கப்பலில் இருந்து, அவர் வைத்த மீன்குழம்பைத் தின்றிருந்தேன்.

அவர் பெயரை ததேயு என்று வைத்துக்கொள்வோம். தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே, கடலோரமாக ஒட்டி ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அந்த ஊர்க்காரர்கள் கரையில் நின்று வலை வீசுகிறவர்கள் அல்லர். மாதக்கணக்கில் வெளிக்கடலுக்குப் போய்த் தூண்டில் போடுகிறவர்கள். நடுக்கடலில், தண்ணீருக்கு அடியில், குன்றுகள் உண்டு. அவற்றைப் பாரு என்பார்கள். பாரு இருக்கும் இடத்தில் மீன் நிற்கும். ததேயுவுக்கென்று ஒரு பாரு இருந்தது. ஒரு பெரிய வெள்ளியன்று, தொழில் செய்யக் கூடாத நாளில், காற்றில் ஒதுங்கிப் போனபோது அவருடைய அப்பன் கண்டுபிடித்தது. அதனால் பெரியவெள்ளிப் பாரு.

நான் கடல் நிலவியல் படித்தவன். கடலடியில் உலோகம் தேடும் ஒரு நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். அடியிலிருக்கும் குன்றுகளின் மேல் கோபால்ட் கலந்த கருப்பு மேலோடு படிந்திருக்கும். அந்தக் குன்றுகளை எங்கள் கருவிகளை மட்டும் நம்பித் தேடினால் பல மாதம் ஆகும். வழிகாட்டியாக ததேயுவைக் கூட்டிப்போனோம். கடைசி நாள் என் டைரியை வாங்கி, அட்சரேகை தீர்க்கரேகை எண்களைத் தன் கையாலேயே எழுதினார். "ஒம்ம படத்துல இது இருந்தாத்தான் சாரு, நாளைக்கு வேறொரு கப்பல்காரன் இங்க வந்து கை வைக்கமாட்டான்" என்றார். அவர் நம்பியது அது.

கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினால் மீனவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், வேலை ஓராண்டு தள்ளிப்போகும் என்றார் மேலாளர். யாரும் என்னை மிரட்டவில்லை. நான் 'இல்லை' என்று எழுதினேன். பிறகு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் குடியேறி, அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

சென்ற ஆண்டு, வெளிக்கடலின் தரையைத் தோண்ட உலக நாடுகள் சேர்ந்து எழுதும் விதிகளின் வரைவை இணையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மீன்பிடி நடக்கும் இடமென்றால் மீனவர்களைக் கேட்காமல் தோண்டக் கூடாது என்று ஒரு விதி. எந்தெந்த இடம் என்பதற்கு, கடலைச் சதுரங்களாகப் பிரித்து ஒரு பின்னிணைப்பு. அதில் பெரியவெள்ளிப் பாரு இருக்கும் சதுரத்துக்கு நேரே 'நடப்புப் பயன்பாடு: இல்லை' என்றிருந்தது. ஆதாரமாக என் அறிக்கை. நம் நாடு என்ன நிலை எடுக்க வேண்டும் என்று மக்களிடம் கேட்க ஒரு குழு கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறது என்றும் தெரிந்தது. டைரியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

குழித்துறையில் இறங்கியபோது நல்ல மழை. பெர்கனிலும் மழைதான், வருடம் முழுக்க. அங்கே மழைக்கு யாரும் ஒதுங்கமாட்டார்கள். இங்கே ஊரே டீக்கடைக்குள் வந்துவிட்டது. பழம்பொரி எண்ணெய் சொட்டச் சொட்ட வந்தது. மருத்துவர் வேண்டாமென்றதை மறந்து இரண்டு தின்றேன். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பேர் ஒரே பேப்பரைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"கடலுக்க அடியில குழி தோண்டப் போறானாம்."

"தோண்டட்டு. மேல உள்ள மலையெல்லாம் ஒடச்சு லாரியில கேரளாவுக்கு அனுப்பியாச்சுல்லா? இனி அடியில உள்ளதும் போவட்டு."

"மீட்டிங்கு வச்சிருக்கானாம். அபிப்பிராயம் சொல்லலாமாம்."

"சாப்பாடு உண்டா?"

"பேப்பர்ல போடல்ல."

"அப்ப நமக்கு அபிப்பிராயம் இல்ல மக்கா."

இருவரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை, ஆனால் சிரிக்க வேண்டிய பேச்சுதான்.

மறுநாள் காலை கடற்கரைக்குப் பேருந்து ஏறினேன். பெர்கனில் பேருந்து இரண்டு நிமிடம் தாமதமானால் தகவல் பலகையில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டியை நிறுத்தி, "எறங்குங்க, இதுக்கு அப்பால ரோடு இல்ல" என்றார் நடத்துநர். ரோடு எங்கே போயிற்று என்று கேட்டேன். கையைக் கடல் பக்கம் காட்டினார். பொய்யில்லை. தார் பாதியில் கடித்ததுபோல் நின்றது. அதற்கப்பால் கருங்கல் அடுக்கியிருந்தார்கள், அலை கல்லின் மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. கல்லுக்குப் பின்னால் ஒரு வீட்டின் பின்சுவர் மட்டும் நின்றது, சுவரில் நீலச் சாயம், ஒரு ஆணி.

ஆட்டோக்காரர் சுற்றுவழியாகக் கூட்டிப்போனார். தவறான ஊரில் இறக்கிவிட்டார். இந்தப் பக்கத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு சந்துதான். சந்துக்கு அப்பால் வேறு எடவகை, அதாவது வேறு பங்கு: வேறு கோயில், வேறு கமிட்டி, வேறு கொடி. ததேயு வீட்டுக்கு வழி கேட்டதும் ஒருவர், "அது அடுத்த எடவகை. நாங்க அவங்கள்ட்ட கூடமாட்டோம்" என்றார். ஆனால் சந்துவரை கூடவே வந்து வழி காட்டினார்.

ததேயுவுக்கு என்னை அடையாளம் தெரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு, "சாரா! கெழவனாப் போனீரே!" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முழங்கால் போய்விட்டதால் அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. மகன் பிரிட்டோ படகு ஓட்டுகிறான், அப்போது கடலில் இருந்தான். மகள் ரெஜினா குவைத்தில் நர்ஸாக இருந்து திரும்பியவள். கோயில் கமிட்டியில் இருக்கிறாள். அவள் மரச்சீனிக்கிழங்கும் கேரைமீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். கையில் எடுத்த கிழங்கைத் திரும்ப வைத்துவிட்டு, தின்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

முடித்ததும் ததேயு கேட்டார்:

"எழுதும்போ எனக்க முகம் ஒமக்கு ஓர்மை வந்துதா?"

"வந்தது."

"வந்துமா எழுதினீரு?"

"ஆமாம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ரெஜினாதான், "தின்னுங்க சார். ஆறிப்போவும்" என்றாள். அன்பாகச் சொல்லவில்லை. விருந்தாளி முன் வைத்த சாப்பாடு மிஞ்சக் கூடாது என்பதற்காகச் சொன்னாள். தின்றேன்.

கூட்டத்தில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அந்தப் பாரு இல்லாமல் பிரிட்டோவுக்கு வேறு போக்கில்லை என்பதை ததேயு சொல்லித்தான் அறிந்தேன். மற்ற இடங்களில் பெரிய கப்பல்கள் வந்துவிட்டன. இந்த ஒன்றுதான் யாருக்கும் தெரியாமல் மிஞ்சியிருக்கிறது.

"செரி, சொல்லும். பொய் எழுதினேன்னு பறையும். ஆனா எடத்தச் சொல்லாண்டாம்."

"இடத்தைச் சொல்லாமல் எப்படி?"

"அது ஒம்ம பாடு. படிச்சவருல்லா. அந்த ஹாலுல பத்து ஊரு ஸ்ராங்குமாரு இருப்பானுவ. நீரு நம்பரு சொன்னா, அவனுவ வீடு போய்ச் சேருமுன்ன படகு கெளம்பும்."

ஸ்ராங்கு என்றால் படகை ஓட்டும் தலைவன். பாருவின் இடத்தை, தனக்குப் பிறகு வீல் பிடிக்கப்போகிறவனைத் தவிர ஒருவருக்கும் சொல்லமாட்டான். வயர்லெஸ்ஸில் கேட்டால் வடக்கே நிற்கிறேன் என்று தெற்கிலிருந்து பதில் சொல்வான். ரெஜினா பாத்திரத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இங்க ஆம்பளைங்க பாவசங்கீர்த்தனத்துல பொண்டாட்டிய அடிச்சதச் சாமியார்ட்ட சொல்லுவாங்க சார். பாரு எங்கன்னு சொல்லமாட்டாங்க."

"அது பாவம் இல்லேல்லா ஏட்டி" என்றார் ததேயு. அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான். சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

கூட்டத்துக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. பூதப்பாண்டிக்குப் போனேன். நான் பிறந்த ஊர். சித்தப்பா மகன் மாணிக்கம் மட்டும் அங்கே இருக்கிறான். கடற்கரையிலிருந்து பேருந்தில் ஒரு காலைப்பொழுதுக்குள் வந்துவிடலாம். ஆனால் என் இளமைக்காலம் முழுக்க நாங்கள் மீனைத்தான் பார்த்திருக்கிறோம், மீன் பிடித்தவரைப் பார்த்ததில்லை. மாணிக்கம் தீயலும் அவியலுமாகப் பெரிய சாப்பாடு போட்டான். எதற்கு வந்தாய் என்று கேட்டான். சொன்னேன்.

"இதுக்கா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தே? கடலுக்கு அடியில தோண்டினா நமக்கென்ன? நம்ம வயல்லயா தோண்டுதான்?"

"உன் வயலை யாராவது 'பயன்பாடு இல்லை' என்று எழுதினால்?"

"எழுதட்டும் பாப்போம். பட்டா இருக்குல்லா" என்றான்.

அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது. கடலில் பட்டா கிடையாது. மற்றவருக்குத் தெரியாதிருப்பதுதான் பட்டா. பேருந்தில் திரும்பும்போது இதை யோசித்தேன். ஆனால் இதிலிருந்து சரியான முடிவுக்கு நான் வரவில்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் பூ அலங்காரம் மேடையில் வாடிக்கிடந்தது. குழுவினர் மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவராக வந்த அம்மையார் பொறுமையானவர். தமிழை மெதுவாக, சரியாகப் பேசினார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

முதலில் நிறுவனத்துக்காரர் பேசினார். மின்சார வண்டிக்குப் பேட்டரி வேண்டும், பேட்டரிக்குக் கோபால்ட் வேண்டும், நிலத்தில் தோண்டினால் காடு அழியும், கடலடியில் ஆளில்லை என்றார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், அடியில் கிளம்பும் தூசி மேகம்போல் எவ்வளவு தூரம் போகும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது, தெரியும்வரை தோண்டவே கூடாது என்றார். பங்குத்தந்தை ஒரு மனுவை வாசித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "கரையில மணல எடுத்தீங்க, கடல் வீட்டுக்குள்ள வந்தாச்சு. இனி அடியையும் எடுத்தா கடல் எங்க போவும், ஒங்க வீட்டுக்கா?" என்று கேட்டதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

பிறகு திரையில் வரைபடம் வந்தது. நீலத்தில் சதுரங்கள். தலைவர் முன்வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "இந்தச் சதுரங்களில் எதிலாவது நீங்கள் தொழில் செய்கிறீர்களா? இன்று சொன்னால் பதிவாகும். பதிவானால் உங்களைக் கேட்காமல் தோண்ட முடியாது என்று நாம் வாதாடலாம்."

முன்வரிசையில் பல ஊர் ஸ்ராங்குகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ததேயு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், வரைபடத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். எந்தச் சதுரத்தில் ஒருவன் கண் நிற்கிறது என்று மற்றவன் பார்த்துவிடுவானே.

"சொல்லுங்கள் ஐயா" என்றார் தலைவர்.

"நாங்க கடல் முழுக்கப் பிடிப்போம்" என்றார் ஒருவர்.

"குறிப்பாக?"

"குறிப்பா ஒண்ணும் இல்ல."

"எல்லாம் ஒரே வெள்ளந்தானே" என்றார் இன்னொருவர்.

நிறுவனத்துக்காரர் எதையோ குறித்துக்கொண்டார். தலைவர் பக்கத்திலிருந்தவரிடம், 'குறிப்பிட்ட இடம் எதற்கும் கோரிக்கை இல்லை' என்று எழுதச் சொன்னார். அதே 'இல்லை'. இந்த முறை பொய் சொன்னது மீனவர்களே.

அப்போது என் முறை வந்தது. மூன்று நிமிடம். பெயரைச் சொன்னேன், அறிக்கையைச் சொன்னேன், நான் எழுதியது பொய் என்று சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "எந்த இடம்?" என்று கேட்டார்.

"ஒரு சதுரத்தில்."

"ஐயா, இருபதுக்கு மேல் அறிக்கைகள் இருக்கின்றன. உங்கள் அறிக்கையே பல சதுரங்களுக்கு ஆதாரம். எந்த இடம், என்ன ஆதாரம் என்று சொன்னால்தான் திருத்த முடியும். இல்லையென்றால் இது உங்கள் மனவருத்தம், அவ்வளவுதான்."

அவர் சொன்னது சரி. நான் ததேயுவைப் பார்த்தேன். அவர் தலையை இடமும் வலமுமாக அசைத்தார், ஒரே ஒருமுறை. நான் டைரியை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று அன்றிலிருந்து எத்தனையோ முறை கேட்டுக்கொண்டேன். இருபத்தேழு ஆண்டு சுமந்ததை ஒரு 'மனவருத்தம்' என்று எழுதிவிடுவார்களே என்ற பயம் ஒன்று. இன்றைக்குச் சொல்லாவிட்டால் பாருவே போய்விடும், நான் சொல்வதுதான் அவர்களுக்கு நல்லது என்ற நினைப்பு இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று எனக்குத் தெரியாது. எண்களை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். ததேயுவின் கையெழுத்து என்று பக்கத்தைக் காட்டினேன். மேடைக்கு ஏறிப் பக்கத்தைக் கிழித்து ஆதாரமாகக் கொடுத்தேன்.

திரும்பியபோதுதான் கவனித்தேன். முன்வரிசையில் பாதிப் பேர் குனிந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் செல்போன். எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ததேயு மட்டும் நிமிர்ந்து, பூ வாடிய மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முற்பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். ரெஜினா வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை.

"அப்பா ஒறங்குதாரு."

பதினொரு மணி. உள்ளே அவர் இருமுவது கேட்டது.

"ரெஜினா, பதிவாகிவிட்டது. இனி 'இல்லை' என்று யாரும் சொல்ல முடியாது."

"செரி சார்."

"வேறு வழி இருந்ததா?"

"இருந்துதோ இல்லையோ, எங்கள்ட்ட கேக்கணும் சார். மொதல்லயும் நீங்கதான் தீர்மானிச்சீங்க. இப்பவும் நீங்கதான். பிரிட்டோ கடல்ல நிக்கான். அவனுக்கு இன்னும் தெரியாது."

அன்று மாலை ரயிலில் எதிரே இருந்தவர் முந்திரிக்கொத்துப் பலகாரம் நீட்டினார். எந்த ஊர், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். சொந்த வேலை என்றேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில மாதம் கழித்துத் திருத்திய பின்னிணைப்பு வந்தது. அந்தச் சதுரத்துக்கு நேரே 'நடப்புப் பயன்பாடு: உண்டு' என்று போட்டிருந்தார்கள். பெர்கனில் அன்று வெயில். நான் அச்செடுத்து மேசைமேல் வைத்து நெடுநேரம் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து ரெஜினாவின் குரல் பதிவு வந்தது. பெரியவெள்ளிப் பாருவில் இப்போது படகுகள் வரிசைகட்டி நிற்பதாகச் சொன்னாள். பக்கத்து ஊர்ப் படகுகள் மட்டுமில்லை, அடிமடி வலையால் கடல்தரையை வாரி இழுக்கும் பெரிய கப்பலும் வந்துவிட்டதாம். வைக்க மீனில்லாமல், பிரிட்டோ கொண்டுபோன ஐஸில் பாதியை அப்படியே கடலில் கொட்டிவிட்டு வந்தான். அடுத்த முறை போகவில்லை. கொச்சியில் வேறொருவர் படகில் கூலிக்கு ஏறியிருக்கிறான்.

அதன்பின் நிறுவனம் குழுவுக்கு ஒரு மறுப்பு அனுப்பியது. அதை இணையத்தில் படித்தேன். அந்த இடத்தில் மீன்பிடி நடப்பதை ஏற்கிறோம், ஆனால் மீனவர்களே அளவுக்கு மீறிப் பிடித்து அதைக் காலிசெய்துவிட்டார்கள், இனிப் பாதுகாக்க அங்கே ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார்கள். படகுகள் நிற்கும் செயற்கைக்கோள் படத்தையும் இணைத்திருந்தார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. சதுரம் வரைபடத்தில் இருக்கிறது.

நான் குழுவுக்கு எழுதினேன். அந்தப் படகுகள் வந்ததற்குக் காரணம் நான் என்று எழுதினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது.

போன மாதம் ரெஜினா அழைத்தாள். அவளாக அழைத்தது அதுதான் முதல்முறை. "அப்பா அந்த டைரிப் பக்கத்தக் கேக்காரு சார். அவரு கைப்பட எழுதினதாம். திருப்பித் தருவீங்களான்னு கேக்கச் சொன்னாரு" என்றாள். அது குழுவின் கோப்பில் இருக்கிறது, ஆதாரம் என்பதால் தரமாட்டார்கள், நகல் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"நகல்தான் எல்லா ஊர்லயும் இருக்கே சார்" என்றாள்.